இரண்டு நொடிக்குள் என்ன செய்ய முடியும்? பைக் விபத்துக் காரணங்களும் தப்பும் வழிகளும்

பைக் விபத்து என்று காதில் விழுந்ததும் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு வேகத்துல போனான்?" என்பது. அடுத்தது, "யார் மேல தப்பு?" இரண்டுமே காப்பீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் தேவையான கேள்விகள்தான். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை. அவர் கேட்க வேண்டியது வேறு: மோதுவதற்கு முந்தைய இரண்டு நொடியில் கை என்ன செய்தது, கண் எங்கே இருந்தது?

இரண்டு நொடி என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதும் வரை ஓட்டுபவருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. விபத்துக்கு முந்தைய இடைநிலை வேகம் (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) மணிக்கு 48 கி.மீ.தான், மோதும்போது 35 கி.மீ. விபத்துகளில் சுமார் முக்கால்வாசி இன்னொரு வண்டியோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் வழிவிடாமல் குறுக்கே வந்தது எதிராளிதான். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த 'மெய்ட்ஸ்' ஆய்விலும் ஏறக்குறைய இதே படம்தான்: பாதி விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் எதிர் வண்டிக்காரரின் தவறு, 37 சதவீதத்துக்குப் பைக் ஓட்டியவரின் தவறு. எதிர் வண்டிக்காரர்களின் தவறுகளில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே வகை: பைக் வருவதையே அவர்கள் கவனிக்கவில்லை.

தப்பு அவர்கள் மேல் என்று இதைப் படித்து ஆறுதல் அடையலாம். ஆனால் ஹர்ட் அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அந்தக் கடைசி நொடிகளில் பைக் ஓட்டியவர்கள் வழக்கமாகச் செய்தது, பின் பிரேக்கை அளவுக்கு மேல் மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டதும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காததும். அவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல், தானாகவோ நண்பர், குடும்பத்தாரிடமோ ஓட்டக் கற்றவர்கள். எதிராளி குறுக்கே வருவதை நம்மால் நிறுத்த முடியாது. அந்த இரண்டு நொடியை மூன்றாக்க முடியும். அதற்குள் கை சரியானதைச் செய்யும்படி பழக்க முடியும்.

பார்த்தும் பார்க்காத கண்கள்

குறுக்கே வந்த கார்க்காரர் "நான் பார்த்தேன், யாருமே இல்லை" என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. 100 மீட்டர் தூரத்தில் வரும் பைக்கின் அகலம், கையை நீட்டிப் பிடித்த கட்டைவிரலின் அகலத்தில் கால்வாசிதான் இருக்கும். நேராக அவரை நோக்கி வருவதால் அது பக்கவாட்டில் நகர்வதும் இல்லை. அளவு மட்டும் மெதுவாகக் கூடும். 60 கி.மீ. வேகத்தில் 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வர மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியில் பைக் அவர் கண்ணுக்கு இரண்டு மடங்காகிறது, அப்போதும் சின்னப் புள்ளிதான். அடுத்து 25 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு வரும்போதும் இரண்டு மடங்காகிறது, ஆனால் முக்கால் நொடியில். "திடீர்னு எங்கிருந்தோ வந்துட்டான்" என்று அவர் சொல்வது இதைத்தான்.

இதோடு காரின் முன் கண்ணாடித் தூண் வேறு. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாக மறைந்துவிடும். கார் மெதுவாக முன்னேறும்போது பைக்கும் நெருங்கி வந்துகொண்டிருந்தால், பல நொடிகள் மறைந்தே வரக்கூடும். மேலும், நாம் வேகமாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கும்போது கண் ஒரே சீராக ஓடுவதில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. தாவும் நேரத்தில் நடுவே இருப்பது மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

ஆகவே சந்திப்பை நெருங்கும்போது வேலை உங்களுடையது. முதலில், உங்கள் பாதைக்குள்ளேயே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகருங்கள். பாம்பு மாதிரி வளைய வேண்டாம், ஒரு மீட்டர் பக்கவாட்டு நகர்வு போதும். பக்கவாட்டு அசைவு கண்ணை இழுக்கும். தூணின் மறைவிலிருந்தும் உங்களை வெளியே கொண்டுவரும். பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும். வேன், பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு சந்திப்புக்குள் நுழையாதீர்கள். வேன் கடந்ததும் பாதை காலி என்று எதிராளி திரும்புவார், அங்கே நீங்கள் இருப்பீர்கள்.

அடுத்து, நிற்கும் காரில் எதைப் பார்ப்பது? ஓட்டுநரின் கண்ணைப் பாருங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. உங்கள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுப்பவர்கள் உண்டு. முன் சக்கரத்தைப் பாருங்கள். கார் அசையத் தொடங்கும்போது உடலின் அசைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சக்கரத்தின் மேல்பகுதி நகருவது தெரிந்துவிடும். உருளும் சக்கரத்தின் உச்சி, காரைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது. சக்கரம் எந்தப் பக்கம் திருகியிருக்கிறது என்பது, இண்டிகேட்டர் சொல்லாததையும் சொல்லிவிடும்.

மூன்றாவது, பிரேக் மேல் விரல். சந்திப்பு, பள்ளி வாசல், நிறுத்திய வண்டிகளின் வரிசை, இவற்றை நெருங்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக விட்டு, முன் பிரேக் நெம்புகோல் மேல் இரண்டு விரலை வைத்துவிடுங்கள். பின் பிரேக் பெடல் மேல் காலும் தயாராக இருக்கட்டும். விரல் கைப்பிடியிலிருந்து நெம்புகோலுக்குப் போய்ச் சேர ஆகும் அரை நொடி மிச்சமானால், 60 கி.மீ. வேகத்தில் அது 8 மீட்டர். நீளமான இரண்டு கார்கள் நிற்கும் தூரம்.

ஹாரன் அடிக்கலாம்தான். ஆனால் ஹாரன் அடிக்கும் கட்டைவிரல் வேலை செய்துகொண்டிருக்கும்போது பிரேக் பிடிக்கும் விரல்கள் காத்திருக்கக் கூடாது. ஹாரனை நம்பி வேகத்தைக் குறைக்காமல் போவதுதான் அதன் பெரிய ஆபத்து.

நகருக்குள் இன்னும் சில வகைகள் திரும்பத் திரும்ப வரும். நிறுத்திய கார்களை ஒட்டி ஓட்டுவது: கதவு திறந்தால் ஒரு மீட்டர் வெளியே வரும், ஆகவே ஒன்றரை மீட்டர் தள்ளி ஓட்டுங்கள், இடம் இல்லையென்றால் நடக்கும் வேகத்துக்கு வாருங்கள். சாலையோர நடைமேடைக்கும் லாரிக்கும் நடுவே நுழைவது: நீண்ட லாரி திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடுக்கில் இருப்பவருக்குத் தப்ப வழியே கிடையாது. அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் கடைசியாக நிற்கும்போது பின்னால் வரும் வண்டி இடிப்பது: முன் வண்டிக்குப் பின்னால் ஒரு பைக் நீளம் இடம் விட்டு, சற்று ஓரமாக, முதல் கியரில் கிளட்ச் பிடித்தபடி நில்லுங்கள். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும் வரை கண்ணாடியைப் பாருங்கள், பிரேக் விளக்கை இரண்டு மூன்று முறை விட்டு விட்டு எரியவிடுங்கள். நியூட்ரலில் போட்டுவிட்டு போனை எடுத்தால், விலக வேண்டிய நேரத்தில் வண்டி அசையாது.

60-க்கும் 80-க்கும் நடுவே

20 கி.மீ. கூடுதல் வேகம் என்றால் கொஞ்சம் கூடுதல் ஆபத்து என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல காய்ந்த தார்ச் சாலையில், நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் 60-இல் வருகிறார். உணர்ந்து செயல்பட ஒரு நொடி: 16.7 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க 17.7 மீட்டர். மொத்தம் சுமார் 34 மீட்டர். அதே இடத்தில் அதே ஆபத்தைப் பார்த்த இன்னொருவர் 80-இல் வருகிறார். அவருக்கு அந்த ஒரு நொடியிலேயே 22 மீட்டர் போய்விடும். மிச்சமுள்ள 12 மீட்டரில் முழு பலத்தோடு பிரேக் பிடித்தாலும், முதல் ஆள் நின்ற அதே கோட்டில் இவருடைய வேகம் சுமார் 63 கி.மீ. ஒருவர் நின்றுவிட்டார், மற்றவர், முதல் ஆள் பிரேக்கைத் தொடும் முன் வந்த வேகத்துக்கும் கூடுதலாக மோதுகிறார்.

மேலே சொன்ன 17.7 மீட்டர், முன் பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்துபவருக்கு. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு அதே 60-இலிருந்து நிற்க 40 மீட்டர் வரை ஆகும். முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று பயந்து அதைத் தொடாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது, முடிவுதான் தவறு.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்தி அகலமாகிறது, பின் டயர் லேசாகிறது. பலமாகப் பிடிக்கும்போது பின் சக்கரத்தில் கிட்டத்தட்ட எடையே இருக்காது. அதை எவ்வளவு மிதித்தாலும் சறுக்குமே தவிர நிறுத்தாது. ஆனால் எடை முன்னே வந்து சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும். அது வருவதற்குள் நெம்புகோலை வெடுக்கென்று இழுத்தால், இன்னும் அழுந்தாத முன் டயர் பிடியை இழந்து, சுழலாமல் லாக் ஆகும், வண்டி அப்படியே தரையில் படுக்கும். விழுந்தவர் முன் பிரேக்கைக் குற்றம் சொல்வார். அவர் முன் பிரேக் பிடித்ததால் விழவில்லை. வெடுக்கென்று பிடித்ததால் விழுந்தார்.

சரியான வரிசை இது. ஆக்சிலேட்டரை மூடு. நெம்புகோலின் வெற்று ஆட்டத்தை எடுத்து, பிரேக் பட்டையான பேட், சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கைத் தொடும் வரை மெதுவாக இழு. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கையில் தெரியும். தெரிந்ததும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போ. கூடவே பின் பிரேக்கை லேசாக, வேகம் குறையக் குறைய இன்னும் லேசாக. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் உடல் எடை கைகளில் விழாது. பார்வை எதிரே, தூரத்தில். முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. கடைசியில் கிளட்சைப் பிடித்து முதல் கியருக்கு இறக்கு, நின்றதும் விலகிப் போகத் தயாராக இரு. படிக்க நீளமாக இருக்கிறது. பழகியவர் கையில் ஃபோர்க் அமுங்கும் கட்டம் அரை நொடிக்கும் குறைவு.

சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் அமைப்பு இல்லாத வண்டியில் முன் சக்கரம் லாக் ஆனால் உடனே விட்டுவிட்டு, மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் லாக் ஆனால் நிலைமை வேறு. வண்டி நேராக இருந்தால் காலை மெதுவாக எடுக்கலாம். பின்பகுதி ஏற்கெனவே ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது என்றால் காலை எடுக்காதீர்கள், அப்படியே நிற்கும் வரை மிதித்திருங்கள். ஒதுங்கிய நிலையில் விட்டால் பின் டயர் திடீரென்று பிடி பெற்று, வண்டி வெட்டிக்கொண்டு நேராகி, ஓட்டுபவரை மறுபக்கம் மேலே தூக்கி வீசும். படுத்து விழுவதைவிட இப்படி வீசப்படுவதில் எலும்பு முறிவுகள் அதிகம்.

ஏபிஎஸ் பைக்கில் முதலில் வந்தது 1988-இல், பிஎம்டபிள்யூ கே100 வண்டியில். இன்று அது சொகுசு அல்ல. ஏபிஎஸ் உள்ள வண்டிகள் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் வீதம், அதே மாடலின் ஏபிஎஸ் இல்லாத வண்டிகளைவிட 22 சதவீதம் குறைவு என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் கணக்கிட்டிருக்கிறது. புது வண்டி வாங்குபவர் கூடுதல் குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் இதற்குக் கொடுக்கலாம். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் வழக்கம்போல லாக் ஆகும். அடுத்தது, ஏபிஎஸ் வேலை செய்யும்போது நெம்புகோல் கையில் துடிக்கும்; அதைக் கண்டு பயந்து விட்டுவிடுபவர்கள் உண்டு. விடக்கூடாது, இன்னும் அழுத்த வேண்டும்.

வளைவில் தனியாக விழுபவர்கள்

வேறு வண்டியே இல்லாமல் விழும் விபத்துகளில் பெரும்பங்கு வளைவுகளில். ஒரே மாதிரிதான் நடக்கும். எதிர்பார்த்ததைவிட வளைவு கூர்மையாக இருக்கிறது. பயத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடி பிரேக்கைப் பிடிக்கிறார். சாய்ந்திருந்த வண்டி நிமிர்கிறது. நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும். கண் எங்கே? தடுப்புக் கம்பியில், அல்லது எதிரே வரும் லாரியில். எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும்.

50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் அதில் திரும்ப 21 டிகிரி சாய்வு போதும். 60-இல் 30 டிகிரி. 70-இல் 38. சாதாரண பைக்குகளில் 40 டிகிரிக்கு அருகே ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசத் தொடங்கிவிடும். பழகாத ஒருவருக்கோ 20-ஐத் தாண்டினாலே வயிறு கலங்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: 60-இல் பயந்துபோய் வளைவை விட்டு வெளியேறியவருக்கு டயரில் இன்னும் பிடி மிச்சம் இருந்தது. டயர் கைவிடும் முன்பே அவர் சாய்ப்பதைக் கைவிட்டுவிட்டார்.

ஆகவே வளைவுக்குள் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினால், நிமிர்த்தாமல் இன்னும் சாய்க்க வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்கைப்பிடியை முன்னோக்கித் தள்ளு; இடப்பக்கம் என்றால் இடக்கைப்பிடியை. தலைகீழாகத் தோன்றும், ஆனால் நடக்கும் வேகத்துக்கு மேல் எல்லா இருசக்கர வண்டிகளும் இப்படித்தான் சாய்கின்றன. தெரியாமலே எல்லோரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். தெரிந்து செய்தால், குழியைத் தவிர்க்கவும் குறுக்கே வந்ததைச் சுற்றிப் போகவும் வண்டி உடனே கேட்கும். தலையைத் திருப்பி, முகவாயை வளைவு முடியும் இடத்துக்குக் காட்டு. ஆக்சிலேட்டர் சீராக இருக்கட்டும்.

இதெல்லாம் தப்பிக்கும் வித்தை. உண்மையான வேலை வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பிரேக்கை விட்டுவிட்டுத்தான் சாய வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதைச் சாலையே சொல்லும். சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அது உங்களை நோக்கி வருகிறது என்றால் வளைவு இறுகுகிறது, இன்னும் குறைக்க வேண்டும். உங்களோடு சேர்ந்தே நகர்கிறது என்றால் வேகம் சரி. ஓடிப்போகிறது என்றால் வளைவு திறக்கிறது, ஆக்சிலேட்டர் கொடுக்கலாம்.

மையக்கோட்டை ஒட்டித் திரும்புபவர்களுக்கு ஒரு சொல். டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கலாம். வண்டி சாய்ந்திருப்பதால் தலை கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையில் இருக்கும்.

தரை, மழை, இருட்டு

காய்ந்த தாரில் 60-இலிருந்து 17.7 மீட்டரில் நின்ற வண்டி, ஈரத்தில் நிற்க 28 மீட்டர் எடுத்துக்கொள்ளும். வெகுநாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம். எண்ணெயும் தூசியும் கலந்து மேலே மிதக்கும். கொட்டும் மழை கொஞ்ச நேரத்தில் அதைக் கழுவிவிடும், தூறல் கழுவாது. சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், பாலங்களின் இணைப்புத் தகடுகள் நனைந்துவிட்டால் அவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்; நேராக, ஆக்சிலேட்டரை மாற்றாமல் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தைச் சாய்கோணத்தில் கடந்தால் முன் டயர் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்; செங்குத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கடக்க முடியுமோ அவ்வளவு நல்லது, 45 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. மணலோ ஜல்லியோ வளைவில் கிடந்தால், அதன் மேல் ஏறும் முன் வேகத்தைக் குறைத்து வண்டியை நிமிர்த்துங்கள். ஏறிய பிறகு எதையும் மாற்றாதீர்கள்.

சின்ன விலங்கு குறுக்கே வந்தால் வெட்டித் திருப்பாதீர்கள். நேராகப் பிரேக் பிடியுங்கள். துரத்தும் நாய்க்கு ஒரு தந்திரம் உண்டு: அது உங்கள் வேகத்தைக் கணித்து முன்னே ஓடி வரும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நெருங்கும்போது கூட்டினால் அதன் கணக்கு தவறிவிடும். உதைக்கக் காலைத் தூக்கினால் விழப்போவது நீங்கள்.

இரவில் ஒரே ஒரு விதி: விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிய வேண்டும். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளி, அதாவது லோ பீம், நன்றாக இருந்தால் சுமார் 50 மீட்டர் காட்டும். 80-இல் உணர்ந்து நிற்க 54 மீட்டர் வேண்டும். கீறல் விழுந்த வைசர் (ஹெல்மெட்டின் முன் கண்ணாடி), எதிரே வரும் விளக்கை நட்சத்திரமாகச் சிதறடிக்கும். வைசர் மாற்றுவது மலிவான வேலை. கறுப்பு வைசரை இரவில் போடவே வேண்டாம்.

குடியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஹர்ட் ஆய்வில் உயிரிழப்பு விபத்துகளில் ஏறக்குறைய பாதியில் மது இருந்தது. காரில் மதுவால் முதலில் கெடுவது கணிப்பு. பைக்கில் அதோடு சமநிலையும் சேர்ந்து கெடும். தூக்கமும் இதே வேலையைச் செய்கிறது. கண்ணிமை கனக்கும்போது பாட்டுக் கேட்பதோ முகத்தில் காற்று அடிக்கவிடுவதோ உதவாது. இறங்கி இருபது நிமிடம் தூங்குவதுதான் உதவும்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

இயந்திரக் கோளாறு முதன்மைக் காரணமான விபத்துகள் மெய்ட்ஸ் ஆய்வில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் மணிக்கணக்கில் துடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோளாறுகளில் முன்னே நிற்பது டயர். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ ஒட்டியிருக்கும் அளவுதான் சரி, டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதன் உச்ச வரம்பு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குத் தனி அளவு இருக்கும். டயரின் வயது, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து வருடத்துக்கு மேல் ஆனால் ஆண்டுதோறும் விரிசல் பாருங்கள், பத்தில் எப்படி இருந்தாலும் கழற்றுங்கள். புதுசாக மாட்டிய டயர் வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. சாய்வையும் பிரேக்கையும் மெதுவாக ஏற்றுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து, நெம்புகோல் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட் கனம் 2 மி.மீ.க்கு வந்தால் புதுசு. செயின் தொய்வு வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ.; அதைவிட இறுக்கமும் தப்பு, தொய்வும் தப்பு. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் தானாக மூட வேண்டும், ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும். சைடு ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா என்பது கடைசிப் பார்வை. மடக்காமல் போனால் அந்தப் பக்கம் சாயும் முதல் திருப்பத்தில் அது தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கிவிடும். பின்னால் உட்காருபவரின் தொங்கும் துணி சக்கரத்தில் சுற்றுவதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

உடம்பில் போடுவது

ஹெல்மெட் உயிரிழப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின் கணக்கு. தாடையை மூடும் முழு ஹெல்மெட்டே என் பரிந்துரை. முகம் தரையில் படும்போது அரை ஹெல்மெட்டால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் நாட்டின் தர முத்திரையோ ஐ.நா.வின் ஹெல்மெட் தரமான இ.சி.இ. 22.06 முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். அளவு சரியா என்று பார்க்க: வார் போட்டபின் பின்பக்கம் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. பக்கவாட்டில் திருப்பினால் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். வாருக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கியது திரும்ப எழாது. ஒரு விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லை என்றாலும், வேலை முடிந்தது.

விழும்போது கை தானாக முன்னே நீளும், ஆகவே கையுறையில் உள்ளங்கைப் பகுதி தடிமனாக இருப்பது அவசியம். சாதாரண ஜீன்ஸ் தாரில் ஒரு நொடிக்கும் குறைவாகவே தாங்கும். கணுக்காலை மூடும் ஷூ, தோளிலும் முழங்கையிலும் முழங்காலிலும் பாதுகாப்புத் தட்டு உள்ள ஜாக்கெட்டும் பேண்டும் நல்லது. வெயில் காலத்தில் கழற்றி வைத்துவிடும் கனத்த ஜாக்கெட்டைவிட, தினமும் போடக்கூடிய வலை ஜாக்கெட் மேல்.

பழகும் முறை

காலியான, காய்ந்த, மணல் இல்லாத மைதானத் தார் வேண்டும். முழுக் கவசத்தோடு, டயரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு தொடங்குங்கள். தரையில் ஒரு கோடு போடுங்கள், அதுதான் பிரேக் தொடங்கும் இடம். முதலில் 30 கி.மீ. வேகத்தில் வந்து முன் பிரேக்கால் மட்டும், பிறகு இரண்டாலும் நில்லுங்கள். ஃபோர்க் அமுங்கும் கணம் கைக்குத் தெரியும் வரை இதே வேகம்தான். பிறகு 40. இந்த வேகத்தில் மிக நன்றாகப் பிடித்தால் 8 மீட்டர், ஓரளவு தேறியவருக்குப் பத்தரை மீட்டர். நின்ற இடத்திலிருந்து கோடு வரை டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். மனசுக்குத் தெரியும் தூரம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். 50-இல் இலக்கு 12 முதல் 15 மீட்டர். பின்பகுதி ஆடினாலோ கை வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த கை தவறான அசைவைத்தான் பழகும்.

அதன் பிறகு விலகிப் போகும் பயிற்சி: 40-இல் நேராக வந்து, ஒரு கைப்பிடியைத் தள்ளி ஒரு வண்டி அகலம் விலகி, மறு கைப்பிடியைத் தள்ளி நிமிருங்கள். விலகும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, விலகுவது என்ற கூட்டுப் பயிற்சி இவை இரண்டும் தனித்தனியாகக் கைவந்த பிறகு.

பின்னால் ஆளை ஏற்றினாலும், டயர் மாற்றினாலும், வேறு வண்டிக்கு மாறினாலும் இந்தத் தூரங்கள் மாறும். அளவெடுத்த தாளில் அந்த நிலைமைக்குத் தனி வரி போட்டு, 30-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.